எந்தப் புதினா?

சேலம் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். மாம்பழத்துச் சேலம் இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கோடியில் உள்ள ஓரிகன் மாநிலத்துக்கும் தலைநகர் ஒரு சேலம்தான். மாப்பிள்ளை ஏசியை அணைத்துவிட்டுக் கார்க் கண்ணாடியை இறக்கினார். "அத்தை, இப்ப மூச்சை நல்லா இழுங்க" என்றார்.

இழுத்தேன். யாரோ துவையலுக்கு வதக்குகிறார்கள் என்றுதான் முதலில் பட்டது. அடுத்த மூச்சில் அது துவையல் இல்லை, தலைவலித் தைலம். அதற்கடுத்த மூச்சில் மூக்குக்குள்ளே காற்று சில்லென்று இறங்கியது. வெளியே நல்ல வெயில். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த புல்வயல்கள் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. தூரத்தில் ஒரே ஒரு தகரக் கொட்டகை, அதன் தலைமேல் வெள்ளையாக ஆவி.

"புதினா காய்ச்சறாங்கம்மா" என்றாள் மகள், பின் சீட்டிலிருந்து. "வர்றப்ப நிறுத்திப் பாக்கலாம். உன்னோட பேங்க்குக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்."

பேங்க் என்று அவள் சொன்னது கிண்டலாகத்தான். மகள் வீட்டுக்குப் போகிற அம்மாக்கள் அருவி பார்ப்பார்கள், கடற்கரை பார்ப்பார்கள், பெரிய கடைகளில் கால் வலிக்க நடப்பார்கள். நான் மகள் இருக்கிற ஹில்ஸ்பரோவில் வந்து இறங்கிய மறுவாரமே, புதினாத் தொட்டிகள் வைத்திருக்கிற ஓர் அரசு ஆய்வு நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். மகளும் மாப்பிள்ளையும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு நாள் வாங்கியிருந்தார்கள். ஆனாலும் மாப்பிள்ளைக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது, முகத்தில் தெரிந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் 31 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவள் நான். ஒளியியல் மாற்றியம் என்று ஒரு பாடம் வரும். ஒரே அணுக்கள், ஒரே பிணைப்புகள், ஆனால் ஒன்று இன்னொன்றின் கண்ணாடி பிம்பம். வலது கையையும் இடது கையையும் காட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, "பொருந்துதா பாரு, பொருந்தாது" என்று சொல்லிச் சொல்லியே என் கை ரேகை தேய்ந்தது. உதாரணத்துக்குக் கார்வோன். அதன் ஒரு கை வடிவம் புதினா மணம், மறு கை வடிவம் சதகுப்பை மணம். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேனே தவிர, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாளும் மோந்து பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கும் காட்டியதில்லை. பாடம் முடிக்கிற அவசரம். ஓய்வு பெற்ற பிறகு அந்த வெட்கம் கொஞ்சம் அதிகமாகவே உறுத்த ஆரம்பித்தது.

அதனால் கைப்பையில் ஒரு பொட்டலம் சதகுப்பை விதை. ஹில்ஸ்பரோ மளிகைக் கடையில் வாங்கியதுதான், ஊரிலிருந்து கொண்டு வந்ததில்லை. ஊரிலிருந்து கறிவேப்பிலை கொண்டு வந்து விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைக் குப்பைத் தொட்டியில் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்ற கதை வேறு. தப்பு என்னுடையதுதான். செடியோடு பூச்சியும் நோயும் நாடு தாண்டும் என்பதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

கொர்வாலிஸ் ஒரு சின்ன பல்கலைக்கழக ஊர். பெயருக்கு லத்தீனில் பள்ளத்தாக்கின் இதயம் என்று பொருள். வில்லாமெட் ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. அமெரிக்க வேளாண் துறையின் இந்த மரபுவள நிலையம் 1981இல் திறக்கப்பட்டது. விதையாக வைக்க முடியாத பயிர்களை உயிரோடு வைத்துக் காப்பதற்காக அந்த நாடு கட்டிய நிலையங்களில் இதுதான் முதலாவது. பேரிக்காய் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன, ஒவ்வொரு மரமும் ஒரு வகை. ஹேசல் கொட்டை, ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, அவுரிநெல்லி, பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடி எல்லாம் உண்டு. பேரிக்காயைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் நான் அங்கே நிற்கவில்லை. எனக்குப் புதினா.

எங்களுக்குச் சுற்றிக் காட்ட வந்தவர் நடு வயதுப் பெண்மணி. மண் ஒட்டிய பூட்ஸ், இடுப்புப் பையில் கத்தரி, பேசும்போதே கை எதையாவது நறுக்கிக்கொண்டிருக்கும். இரட்டைக் கதவு போட்ட ஒரு வலைக்குடிலுக்குள் அழைத்துப் போனார். முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும், அசுவினி உள்ளே வந்துவிடக் கூடாது. உள்ளே மேசை மேசையாகத் தொட்டிகள். எல்லாம் புதினா. 400க்கும் மேல்.

இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு அவர் என்னைக் கேட்டார், "உங்கள் ஊரில் எந்தப் புதினா?"

நான் சொன்னேன், "புதினா."

அவர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. மாம்பழம் என்றால் பங்கனபள்ளியா மல்கோவாவா இமாம்பசந்தா என்று கேட்கிற ஊர், வாழைக்குப் பத்துப் பெயர் வைத்திருக்கிற ஊர், புதினாவுக்கு மட்டும் ஒரே பெயர். அந்தப் பெயரும் பாரசீகத்திலிருந்து வந்தது. "துவையல் அரைப்போம், பிரியாணியில் போடுவோம்" என்று எதையோ உளறி வைத்தேன்.

"சரி, மூக்கிடமே கேட்போம்" என்றார் அவர்.

இலையைப் பறிப்பதில்லை. இரண்டு விரலால் மெதுவாகத் தேய்த்து, விரலை மோந்து பார்க்க வேண்டும். புதினா இலையின் எண்ணெய், இலைக்குள்ளே இல்லை. மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் ததும்பிக்கொண்டு நிற்கிறது. விரல் பட்டால் பை உடையும். அவ்வளவு லேசாகத் தொட்டாலே போதும் என்பது எனக்குப் புதுச் செய்தி. நம் வீட்டில் கட்டோடு அலசி உதறும்போதே பாதியை விரயம் செய்கிறோம் போலிருக்கிறது.

முதல் தொட்டி ஆப்பிள் புதினா. இலை முழுக்க வெள்ளைப் பூனைமயிர். அடுத்தது ஆரஞ்சுப் புதினா. தேய்த்த விரலில் புதினா வாசனையே இல்லை! லாவண்டர் சோப்புப் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. லாவண்டரில் இருக்கிற அதே லினலைல் அசிட்டேட்தான் இதிலும் என்றார். அதற்குப் பக்கத்தில் ஒரு தொட்டியில் பாசி படர்ந்திருக்கிறது என்று நினைத்துத் தாண்டப் போனேன். கைப்பிடித்து நிறுத்தினார். கார்சிகா தீவுப் புதினா. இலை ஒவ்வொன்றும் உளுந்தம்பருப்பு அளவுகூட இல்லை, ஆனால் மணம் முழு மிட்டாய்க் கடை. அப்புறம் பென்னிராயல் என்று ஒன்று. மணம் ஜோராக இருந்தது. ஆனால் அதன் எண்ணெயில் உள்ள புலிகோன் கல்லீரலைக் கெடுக்கும். "இதைத் துவையல் அரைக்காதீர்கள்" என்றார். துவையல் என்ற சொல்லைத் தமிழிலேயே சொல்லிப் பார்த்தார், பாதி சரியாக வந்தது.

மஞ்சள் நரம்போடியது ஒன்று இருந்தது. பச்சை இலையில் பொன் கம்பி இழைத்தது போல. நாற்றுக் கடைகளில் அழகுக்காக விற்பார்களாம். அந்தப் பொன் கம்பிக்குப் பின்னால் இருப்பது வைரஸ் என்று அவர் சொன்னதும் எனக்கு எங்கள் பக்கத்து வெண்டைக்காய் வயல் நினைவுக்கு வந்தது. வெண்டையில் மஞ்சள் நரம்பு கண்டால் விவசாயி தலையில் கை வைப்பான். இங்கே அதே மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கித் திண்ணையில் வைக்கிறார்கள்.

பதினைந்தாவது தொட்டியோடு என் மூக்கு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. எதை மோந்தாலும் ஒரே வாடை. "உங்கள் முழங்கையின் மடிப்பை மோந்து பாருங்கள்" என்றார். சொந்தத் தோலின் வாசனை மூக்குக்கு ஓய்வு கொடுக்குமாம். நானும் மகளும் மாப்பிள்ளையும் மூன்று பேரும் கையை மடக்கி முகத்தை அதில் புதைத்துக்கொண்டு நின்றோம். யாராவது வெளியிலிருந்து பார்த்திருந்தால் எதற்கோ அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு தொட்ட தொட்டி, சந்தேகமே இல்லை, எங்கள் வீட்டு அம்மி. ஸ்பியர்மின்ட் என்று அட்டை சொன்னது. கார்வோன் நிறைந்தது. நான் கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். அந்த அம்மாள் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டுவிட்டார், கண் அகன்றது. நாலு சதகுப்பை விதையை உள்ளங்கையில் நசுக்கினேன். இடது கையில் புதினா, வலது கையில் சதகுப்பை. மாறி மாறி மோந்தேன். ஒன்று துவையல். இன்னொன்று கிரைப் வாட்டர், என் மகள் மூன்று மாசக் குழந்தையாக என் தோளில் கிடந்து ஏப்பம் விட்ட ராத்திரிகளின் வாசனை. எழுதும்போது ஒரே மூலக்கூறு, கையைத் திருப்பிப் போட்ட வித்தியாசம் மட்டும். மூக்கிலுள்ள புரதங்களும் கையுறை போல ஒரு பக்கத்துக்கென்றே செய்தவை, அதனால்தான் இடது கை எது, வலது கை எது என்று அவற்றுக்குத் தெரிகிறது. 31 வருஷம் சொல்லிக்கொடுத்தது உள்ளங்கையில் இருந்தது. மகளிடம் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் மோந்து பார்த்துவிட்டு, "இதை நீ கிளாஸ்ல செஞ்சிருக்கலாமேம்மா" என்றாள். செய்திருக்கலாம்.

பிறகு ஒரு கருந்தண்டுச் செடியின் முன் நின்றோம். தண்டு ஊதாவும் கறுப்புமாக, இலை அடர்பச்சை. அட்டையில் பிளாக் மிட்சம். வரும் வழியில் மூக்கைச் சில்லென்று தொட்டது இந்த வம்சம்தான், பெப்பர்மின்ட். வம்சம் என்ற சொல் தப்பு. இதற்கு வம்சம் கிடையாது.

பெப்பர்மின்ட் ஒரு கலப்புச் செடி. நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் எங்கோ ஓர் ஓடைக்கரையில் தாமாகவே கலந்து பிறந்தது. இங்கிலாந்தில் கண்டெடுத்து 1696இல் ஜான் ரே என்ற தாவரவியலாளர் இதைப் பற்றி எழுதி வைத்தார். கோவேறு கழுதையைப் போல இதுவும் மலடு. பூக்கும், தேனீ வரும், விதை அநேகமாக வைக்காது. எப்போதாவது ஒன்று முளைத்தாலும் தாயைப் போல் இருக்காது. ஆகவே பெருக்குவதற்கு ஒரே வழி, தண்டை ஒடித்து நடுவதுதான். லண்டனுக்குத் தெற்கே மிட்சம் என்ற கிராமத்தில் வயல் வயலாக நட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து அமெரிக்காவின் மிச்சிகனுக்கு வந்தது, பிறகு இங்கே. மிட்சமில் இன்று வயல் இல்லை, லண்டன் அதை விழுங்கி வீடுகளாக்கிவிட்டது. ஆனால் அந்த வயலில் நின்ற செடி என் முன்னால் தொட்டியில் நின்றது. அதன் பேத்தி இல்லை, கொள்ளுப் பேத்தி இல்லை. அதே செடி. ஒடித்து ஒடித்து நட்டதால் சாவே இல்லாமல் கைமாறிக் கைமாறி வந்த ஒரே உடம்பு.

எனக்கு உடனே என் மாமியார் நினைவு. மார்க்கெட்டில் வாங்கிய புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு, தடித்த தண்டுகளை மட்டும் தனியே எடுத்துக் கிணற்றடியில் சொருகுவார். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் நாலு தண்டு. அவள் வீட்டிலிருந்து அவள் நாத்தனார் வீட்டுக்கு நாலு தண்டு. நம் தெருக்களில் புதினாவை விதை வாங்கி விதைத்தவர்களை நான் பார்த்ததே இல்லை.

நார்வேயில் ஸ்வால்பார்ட் என்ற பனித்தீவுக் கூட்டத்தில் மலையைக் குடைந்து உலகத்து விதைகளையெல்லாம் வைத்திருக்கிறார்களே, 2008இல் திறந்தது, அங்கே பெப்பர்மின்ட்டுக்கு இடம் கிடையாது. விதையே இல்லாததை எந்தக் குகையில் வைப்பது? யாராவது தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது என்பது போகப் போகத் தெரிந்தது. புதினா ஓர் ஊர்சுற்றி. மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டுப் பக்கத்துப் பாத்திக்குள் புகுந்துவிடும். இரண்டு வகையைத் தரையில் அருகருகே நட்டால் மூன்றாம் வருஷம் எது எது என்று கடவுளுக்கும் தெரியாது. அதற்குத்தான் தொட்டி. தொட்டியில் வைத்தாலும் அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்க்கும். மலடு இல்லாத வகைகள் பூத்து விதை சிந்தினால் அடுத்த தொட்டியில் முளைத்து, பழைய செடியைத் தள்ளிவிட்டு அதன் அட்டையோடு வாழ ஆரம்பித்துவிடும். அட்டை ஒன்று, ஆள் வேறு. ஆள்மாறாட்டம் நடந்ததை வருஷக் கணக்கில் யாரும் கவனிக்காமலும் போகலாம். அவர் கத்தரி ஏன் ஓய்வதே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பேசிக்கொண்டே பூங்கதிர்களை நறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வங்கிக் காவலாளியின் துப்பாக்கிக்குப் பதில் இங்கே கத்தரி.

இத்தனை பாடும் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார். கம்ப்யூட்டர்க்காரர், நேராகக் கேட்பவர். "சந்தையில விக்கிறது ரெண்டு மூணு வகைதானே?"

அதற்குப் பதிலாக அந்த அம்மாள் சொன்ன கதைதான் அன்றைய பயணத்தின் கனமான பகுதி. வாடல் நோய். வெர்டிசிலியம் என்ற பூஞ்சை மண்ணிலிருந்து வேர் வழியே ஏறித் தண்டின் நீர்க்குழாயை அடைக்கும். செடி வெயிலில் வாடிய மாதிரி தலை சாயும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிமிராது. பூஞ்சையோ கரும்புள்ளி மாதிரி முடிச்சுகளாகச் சுருண்டு மண்ணில் பல வருஷம் சாகாமல் கிடக்கும். மிச்சிகனின் புதினா வயல்களை அது பாழாக்கியது. பயிர் மேற்கே நகர்ந்தது, நாற்றுத் தண்டோடு சேர்ந்து நோயும் நகர்ந்தது. ஓரிகனில் அறுவடை முடிந்த தாளின் மேல் எரிவாயு நெருப்பை ஊதி வயலையே பொசுக்கிப் பார்த்தார்கள்.

வேறு பயிராக இருந்தால் நோய் தாங்கும் வகையோடு கலப்பு செய்யலாம். மலட்டுச் செடியை எதனோடு கலப்பது? கலமசூ நகரின் ஏ. எம். டாட் நிறுவனம் அந்நாளில் அமெரிக்கப் புதினா எண்ணெய் வியாபாரத்தின் பெரிய பெயராக இருந்தது. அங்கே மெரிட் மரே என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். 1950களில், அணுவைக் கண்டு உலகமே மயங்கிக் கிடந்த காலம், அவர் மிட்சமின் ஓடுதண்டுகளை நியூயார்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் அணு ஆய்வகத்துக்கு அனுப்பிக் கதிர்வீச்சு கொடுத்தார். பிறகு அவற்றை நோய் பிடித்த மண்ணிலேயே நட்டு, எது சாகாமல் நிற்கிறது என்று பார்த்தார். ஆயிரம் இரண்டாயிரம் அல்ல, லட்சக் கணக்கில். நின்றவற்றிலும் மணம் மாறிப்போனதைக் கழித்தார். 1970களில் இரண்டு வகைகள் வயலுக்கு வந்தன: டாட்ஸ் மிட்சம், மரே மிட்சம். நோயே வராது என்று சொல்ல முடியாது, தாக்குப் பிடிக்கும். அந்த மனிதர் ஆயுளெல்லாம் சேர்த்த புதினாத் தொகுப்புதான் பின்னால் கொர்வாலிஸுக்கு வந்து இந்த வலைக்குடிலுக்கு அடித்தளமானது.

மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. அந்த அம்மாள் மூலையில் இருந்த இன்னொரு தொட்டியைக் காட்டினார். சாம்பல் பூத்த நீள இலை, பார்க்கக் களை மாதிரி. தேய்த்து மோந்தேன். சொல்லும்படி எதுவும் இல்லை, கொஞ்சம் மருந்துக் கடை நெடி. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த குதிரைப் புதினா. பெப்பர்மின்ட்டின் குடும்ப மரத்தில் பாட்டி முறை. இந்தக் காட்டுச் செடி வாடல் நோயைத் தாங்கும். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதன் மரபணுத் தொகுதியைப் படித்து 2017இல் வெளியிட்டார்கள். அதில் தொடங்கி, நோய் தாங்கும் புதுப் பெப்பர்மின்ட்டைத் தேடுகிறார்கள். சந்தையில் ஒரு கட்டு கூட விலை போகாத செடிக்குத்தான் அங்கே மரியாதை அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து ஒரு குளிர் அறை. வலைக்குடில் எரிந்தாலோ நோய் புகுந்தாலோ என்ன செய்வது என்பதற்கு அங்கே பதில் இருந்தது. தட்டுத் தட்டாகப் பிளாஸ்டிக் பைகள். நம் ஊர் ஷாம்பு பாக்கெட் சரம் மாதிரி ஒரே பையில் தனித்தனி அறைகள், வெப்பத்தால் ஒட்டியவை. ஒவ்வோர் அறையிலும் ஜெல்லி மாதிரி ஒன்றின் மேல் விரல் நகம் உயரத்துக்குப் புதினா. உள்ளே காற்று போய்வரும், கிருமி போகாது. 4 டிகிரி குளிரில் வளர்ச்சி மந்தமாகி ஒரு வருஷம், அதற்கு மேலும் அப்படியே இருக்கும். விளக்குக்கு எதிரே ஒரு பையைத் தூக்கிப் பிடித்தார். வெள்ளை வேர்கள் நூல் நூலாகத் தெரிந்தன. மணம் இல்லை. பை மூடியிருக்கிறதே.

ஜெல்லி என்பது அகர், கடல்பாசியிலிருந்து எடுப்பது. எனக்கு இராமநாதபுரம் கடற்கரை ஞாபகம் வந்தது. மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கண்ணில் கண்ணாடியும் காலில் தட்டும் கட்டிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுப்பார்கள். அகர் எடுக்கிற ஒரு பாசிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் மரிக்கொழுந்துப் பாசி. வாசனைச் செடி எதுவும் இல்லாத கடலுக்கடியில் மரிக்கொழுந்தைக் கண்டவர்கள் அவர்கள். இந்தப் பையில் இருக்கிற அகர் எந்தக் கடலிலிருந்து வந்ததோ. ஆனால் அங்கே நின்று அதைச் சொன்னபோது அந்த அம்மாள் குறிப்பேட்டை எடுத்து, "அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றார். மரிக்கொழுந்தின் ழகரம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. எந்தப் புதினா என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதவள், இதையாவது கொடுத்துவிட்டு வந்தேன்.

இதற்கும் பின்னால் இன்னொரு காவல் உண்டு. தளிர் நுனியைக் கடுகளவு வெட்டி, திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைப்பது. அது இங்கே இல்லை, கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸில். ஒரே கூடையில் எல்லா முட்டையும் வேண்டாம் என்று நம்மவர்களுக்கும் தெரியும். திருவிழாவுக்குப் போகும்போது பாட்டி சுருக்குப் பையில் கொஞ்சம், ரவிக்கையில் கொஞ்சம், முந்தானை முடிச்சில் கொஞ்சம் என்றுதானே காசு வைப்பாள்.

ஆராய்ச்சிக்கென்று கேட்கிறவர்களுக்கு இங்கிருந்து தண்டு வெட்டி இலவசமாகவே அனுப்புகிறார்கள். ஈரக் காகிதத்தில் சுற்றித் தபாலில். அந்த மேசையையும் காட்டினார். ஈரக் காகிதம், பிளாஸ்டிக் பை, அட்டை. என் மாமியாரிடம் அட்டை மட்டும்தான் இல்லை.

திரும்பும்போது தகரக் கொட்டகையில் நிறுத்தினோம். காலையில் பார்த்த ஆவி இன்னும் குறையவில்லை. வெட்டி வாட விட்ட புதினாவைப் பொடியாக நறுக்கி லாரி அளவு தொட்டி வண்டியில் ஏற்றி வருகிறார்கள். அந்தத் தொட்டியே அடுப்பில் ஏறுகிற பாத்திரம். மேலே மூடி போட்டு, அடியில் நீராவிக் குழாயை மாட்டுகிறார்கள். ஆவி தழையின் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, குளிர்ந்த குழாய்க்குள் ஓடி, ஒரு பெரிய கேனில் சொட்டுகிறது. எண்ணெய் மிதக்கும், தண்ணீர் அடியில் போகும். கொட்டகைக்குள் இரண்டு நிமிஷம் நின்றேன். கண்ணில் தண்ணீர், தொண்டையில் ஐஸ், நெற்றியில் வியர்வை. சூடு நூறு டிகிரியைத் தொடுகிற இடத்தில் குளிர்கிறது. குளிர் என்பது பொய், மெந்தால் நம் நரம்பிலுள்ள குளிர் உணரும் வாயிலைத் தட்டித் திறந்து ஏமாற்றுகிறது என்று பாடம் சொன்னது. உடம்பு நம்பவில்லை, நடுங்கியது.

அங்கே வேலை செய்த இளைஞன் ஒரு துளியைக் குச்சியில் தொட்டு என் கைக்குட்டையில் வைத்தான். சலவைக்குப் போட்டும் அந்தக் கைக்குட்டை இரண்டு மாசம் என்னோடு பேசிக்கொண்டிருந்தது.

ஊருக்கு வந்த மறுவாரம் காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். கீரை விற்கிற அம்மாவிடம் இரண்டு கட்டுப் புதினாவை எடுத்தேன். ஒன்றில் தண்டு கொஞ்சம் சிவப்பு, மற்றதில் முழுப் பச்சை. இலையைப் பறிக்காமல் இரண்டு விரலால் மெதுவாகத் தேய்த்து மோந்தேன். மற்றதையும் மோந்தேன். ஒன்று கொஞ்சம் இனிப்பு, ஒன்று கொஞ்சம் காரம் போலிருந்தது. சந்தேகத்துக்கு முழங்கை மடிப்பை மோந்துவிட்டு மறுபடி மோந்தேன்.

"இது எந்தப் புதினாம்மா?" என்று கேட்டேன்.

"எந்தப் புதினான்னா? புதினாதான்."

"எங்கேருந்து வருது?"

"லாரிலேருந்து வருது. ரெண்டு வேற வேற ஆளுங்க கொண்டாந்தது." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "டீச்சரம்மா, மோந்து பாத்தே வாடிரும் போல. எத்தினி கட்டு?"

இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினேன், தனித்தனிப் பையில் போடச் சொல்லி.